மருந்தென்று ஊற்றிக் கொடுத்தது நான்

கண்ணு,

கல்யாணப் பத்திரிகையின் மாதிரி நேற்று வந்து சேர்ந்தது. பிழை பார்த்து அனுப்பச் சொல்லியிருந்தாய். ஒரு பிழையும் இல்லை. உன் பெயர், நீ கட்டப்போகிற பெண்ணின் பெயர், அவிநாசி மண்டபம், தை மாதத் தேதி, முகூர்த்த நேரம் எல்லாம் சரியாக இருக்கின்றன. உன் அப்பா பெயரும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. ஆனால் நீ போனில் சொன்னதுதான் அப்போதிருந்து காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. "பத்திரிகையில பேரு இருக்கட்டும்மா, ஊருக்காக. மேடையில அப்பா எடத்துல பெரியப்பா நிக்கட்டும். குடிச்சுப்போட்டு ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தவரை என்ற பக்கத்துல நிறுத்திக்க என்னால ஆகாது" என்றாய். நான் "செரி கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். எப்படி அந்தச் செரி என் வாயிலிருந்து வந்தது என்று எனக்கே விளங்கவில்லை. வெட்கங்கெட்ட வாய்.

போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், சொல்லவந்தது நடுவழியில் நின்றுபோகும். நம் இருவருக்கும் அதுதானே வழக்கம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அப்பா குடிக்கவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. குடித்தார். ஆவணி மாதம் முழுக்கத் தினமும் குடித்தார். சாப்பாடு ஆனதும் அவர் கையில் ஊற்றிக் கொடுத்தது நான். அது என்னவென்று அவருக்குச் சொல்லாமலே ஊற்றிக் கொடுத்தேன். நீ சரியாகத்தான் படிக்கிறாய், திரும்பிப்போய்ப் பார்க்க வேண்டாம்.

நான் மெடிக்கல் ஷாப்பில் பதினெட்டு வருஷம் நின்றவள் என்பது உனக்குத் தெரியும். நம் கணபதிப் பகுதியில் பாதிப் பேருக்கு நான் இன்னமும் 'மெடிக்கல் அக்கா'தான். வேலையை விட்டு நாலு வருஷம் ஆகியும் வாசலில் சீட்டை நீட்டிக்கொண்டு யாராவது நிற்பார்கள். "ஏனுங்க்கா, இது சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா?" என்று கேட்பார்கள். நானும் பெரிய டாக்டர் மாதிரி கண்ணாடியை மூக்கில் இறக்கிவைத்துக்கொண்டு சொல்வேன். எனக்குத் தெரியாத மாத்திரையா என்ற எண்ணம் என்னிடம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. நீயே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாய், "அம்மா ஊசி மட்டுந்தான் போடறதில்ல" என்று. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

பங்குனியில் அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்களே, அதற்குப் பிறகு நான் பயந்து கிடந்தேன். பகலில் அவர் நாற்காலியில் கண்ணசந்தால்கூட மூச்சு வருகிறதா என்று கிட்டே போய்ப் பார்ப்பேன். வைகாசியில் ஒருநாள் நீ பெங்களூரிலிருந்து கூப்பிட்டபோது ஏதோ பேச்சில், "இங்க எல்லாரும் சாப்பாட்டோட ஒரு கிளாஸ் ரெட் வைன் எடுத்துக்கறாங்கம்மா. அளவாக் குடிச்சா ஹார்ட்டுக்கு நல்லதாம், டாக்டருங்களே சொல்றாங்க. நானும் அதுதான்" என்றாய். நீ எனக்குப் புத்தி சொல்லவில்லை. அப்பாவுக்குக் கொடு என்றும் சொல்லவில்லை. போன வருஷம் உன் ஃப்ரிட்ஜில் நான் பார்த்த பாட்டிலுக்குச் சமாதானம் சொன்னாய், அவ்வளவுதான். நான்தான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பிலும் அந்த நேரம் பார்த்து அதே சங்கதி வந்தது. கறுப்புத் திராட்சைத் தோலில் இருக்கிற சத்து ரத்தக்குழாயைச் சுத்தம் செய்யும், வெளிநாட்டில் கொழுப்பாகத் தின்கிறவர்களுக்கும் மாரடைப்பு வராமலிருக்க அதுதான் காரணம் என்று. பயந்துபோய் இருக்கிறவளுக்கு எதைச் சொன்னாலும் ஏறும்.

கடையில் போய் வாங்க எனக்குக் கால் வரவில்லை. டாஸ்மாக் வாசலில் நான் நின்றால் கணபதியே கூடிவிடும். பக்கத்து வீட்டு ரோசலின் டீச்சர் கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே வைன் போடுவார் அல்லவா? வருஷத்துக்கு ஒருமுறை, ஆளுக்கு ஒரு சின்னக் கப், கேக்கோடு கொடுப்பார். நாம் கேக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வருவோம். அவரிடம் போய், "டீச்சர், கேக் செய்யலாம்னு இருக்கறேனுங்க, வைன் எப்படிங்க போடறது?" என்று பொய் சொல்லிக் கேட்டேன். பாவம், அவர் காகிதத்தில் எழுதியே கொடுத்தார். தொண்டாமுத்தூரிலிருந்து வண்டியில் வருகிற பன்னீர் திராட்சை அஞ்சு கிலோ, சர்க்கரை, ஒரு கை கோதுமை, பட்டை, கிராம்பு, கொஞ்சம் ஈஸ்ட். ஊறுகாய் ஜாடியைக் கழுவிக் காயவைத்து, போட்டு, வாயில் துணி கட்டி, சாமி அறை அலமாரிக்குக் கீழே வைத்தேன். உன் அப்பா மோட்டார் ரிப்பேர் பட்டறைக்குப் போனதும் தினமும் மரக் கரண்டியால் கிளறிவிட்டேன். இருபத்தொரு நாளில் வடிகட்டினேன். நிறம் என்னவோ அழகாகத்தான் இருந்தது.

உன் அப்பாவுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் திராட்சாரிஷ்டம் குடிக்கிற பழக்கம் உண்டு. செரிமானத்துக்கு ஒரு மூடி, அதே அளவு தண்ணீர் கலந்து. நம் பக்கத்தில் அரிஷ்டம் இல்லாத வீடு எது? பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்போம், சளி பிடித்தவனுக்குக் கொடுப்போம். அந்தப் பாட்டிலின் ஓரத்திலேயே அதில் தானாக உண்டாகிற ஆல்கஹால் இருக்கிறதென்று அச்சடித்திருப்பார்கள். பதினெட்டு வருஷம் அதை எடுத்து எடுத்துக் கொடுத்தவள் நான், படிக்காமலா இருந்திருப்பேன்? ஆனாலும் யாரும் அதைக் குடி என்று நினைப்பதில்லை. கோயிலுக்குப் போகிற அன்றைக்கும் குடிப்பார்கள். நான் தீர்ந்துபோன அரிஷ்ட பாட்டில்கள் இரண்டைக் கழுவி, அதில் வைனை ஊற்றி, அதே அலமாரியில் அதே இடத்தில் வைத்தேன். சொன்னால் அவர் தொடமாட்டார் என்று எனக்குத் தெரியும். தொடமாட்டார் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. இதைவிடப் பச்சையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கண்ணு.

ஏன் தொடமாட்டார் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உனக்கு அப்போது ஏழு வயது. அந்தியூர் சந்தையில் குதிரை காட்டுகிறேன் என்று பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். உன்னை ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து, கையில் பன்னைக் கொடுத்து, "இங்கயே இரு சாமி, வந்தர்றேன்" என்று குடிக்கப் போனவர், உன்னை மறந்து அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டார். பொழுதோடு வாசலில் வந்து நின்றவரிடம் "பையன் எங்கீங்க?" என்று கேட்டேன். அவர் முகத்தில் ஏறியிருந்த போதை இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். டாக்ஸி பிடித்துப் போனோம். டீக்கடைக்கார அம்மா உனக்குச் சோறு போட்டு வைத்திருந்தார். நீ அழவே இல்லை. எங்களைப் பார்த்து, "குதிரையெல்லாம் போயிருச்சு" என்றாய். மறு வாரம் கொடுமுடியில் காவிரியில் முழுகி எழுந்து, சாமி முன்னால் கையில் கயிறு கட்டிக்கொண்டு வந்தவர்தான், இருபத்திரண்டு வருஷம் தொடவில்லை. நடித்தார் என்று நீ இப்போது சொல்கிறாய். நடிக்கவில்லை. கூடவே இருந்து பார்த்தவள் சொல்கிறேன். முதல் வருஷம் கை நடுங்கி, செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்ற முடியாமல், கஸ்டமர் முன்னால் மோட்டாரைப் பிரித்துப்போட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். அந்த மனுஷனுக்குத்தான் நான் சாமி அறையிலிருந்து எடுத்து ஊற்றினேன்.

முதல் வாரம் ஒரு மூடி. முகம் தெளிந்தாற்போலத் தெரிந்தது, நன்றாகச் சாப்பிட்டார், படுத்ததும் தூங்கினார். பலன் தெரிகிறதே என்று ரெண்டு மூடியாக்கினேன். அப்புறம் மூடியில் அளப்பது எதற்கென்று சின்ன டம்ளருக்குப் போனேன். நல்லது என்று நம்பிவிட்டால் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் கை கூசுவதே இல்லை. இட்லிக்கு நெய் விடுகிற மாதிரிதான். அதில் சத்து எவ்வளவு, சாராயம் எவ்வளவு என்று எனக்கும் தெரியாது, ஜாடிக்கும் தெரியாது. கடைப் பாட்டிலிலாவது போட்டிருப்பான். அவர் சர்க்கரை வியாதிக்காரர் வேறு, அவருக்கு நான் கொட்டின சர்க்கரையை நினைத்துப் பார். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க ரெண்டு மாத்திரை கொடுப்பார்கள். அந்த மாத்திரையை வாங்க வருகிறவர்களிடம் "தண்ணி கிண்ணி போடறவருங்களா? இதோட ஆகாதுங்க, வயித்துல ரத்தம் கசியும்" என்று நானே சொல்லியிருக்கிறேன். நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். ஆனால் நான் போட்டது திராட்சை, நான் கொடுத்தது மருந்து. தண்ணி என்கிற நினைப்பே என் மண்டையில் எழவில்லை.

புரட்டாசி பிறந்த வாரம் அவர் பட்டறையில் சுருண்டு விழுந்தார். ஒரு வாரமாகவே மலம் கறுப்பாகப் போயிருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண்ணாகி ரத்தம் கசிந்திருக்கிறது. பணியிலிருந்த டாக்டர், "குடிப்பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, தலையை நிமிர்த்தி, "இருபத்திரெண்டு வருசமாத் தொடறதில்லீங்க" என்றேன். அப்போது உன் அப்பா படுத்தபடியே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்குப் புரிந்தது. இவருக்குத் தெரியும்! ஆரம்பத்திலிருந்தே தெரியும்! அவர் டாக்டரிடம் திரும்பி, "குடிக்கறேனுங்க. ஒரு மாசமாத் தினமும். ஊட்டுல யாருக்கும் தெரியாதுங்க" என்றார். டாக்டர் எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை நீ பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாய். கட்டில் காலில் தொங்கிய சீட்டைப் படித்தாய். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை வராந்தாவுக்குக் கூட்டிவந்து, "ஏம்மா, உனக்குமா தெரியல?" என்றாய். அந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் இத்தனையும் அன்றைக்கே முடிந்திருக்கும். "தெரியல கண்ணு" என்றேன். பயம்தான். டாக்டர் என்ன நினைப்பார், பெரியப்பா வீட்டில் என்ன பேசுவார்கள், மெடிக்கல் அக்காவே புருஷனுக்கு ஊற்றிக் கொடுத்தாள் என்று ஊர் சிரிக்குமே என்ற பயம். எல்லாவற்றுக்கும் மேலே, நீ என்னை எப்படிப் பார்ப்பாயோ என்ற பயம். நீ பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டாய். மூணு மாதம் ஆகப்போகிறது. அவரிடம் நீ பேசவில்லை. அவர் சாப்பிட்டாரா என்றுகூட என்னிடம் கேட்பதில்லை. நானும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போனபோது அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். அது இதயத்தைப் பார்க்கிற அம்மா, என்னைவிடச் சின்னவர். ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று இருந்தேன், திட்டவில்லை. "உங்களை மாதிரி நெறையப் பேர் செய்யறாங்கம்மா, வந்து சொல்றது நீங்க ஒருத்தர்தான்" என்றார். "ஏனுங்க டாக்டர், அப்ப அளவாக் குடிச்சா நல்லதுன்னு சொன்னதெல்லாம் பொய்யுங்களா?" என்று கேட்டேன். அவர் சொன்னதை உனக்காகவே மனசில் வைத்திருக்கிறேன், கேட்டுக்கொள்.

"பொய்யின்னு சொல்ல மாட்டேங்கம்மா. நான் படிக்கறப்ப எங்க வாத்தியாருங்களே அப்படித்தான் சொன்னாங்க. குடிக்கறவங்களை ஒரு பக்கம், குடிக்காதவங்களை ஒரு பக்கம் வெச்சு, யாருக்கு மாரடைப்பு அதிகம்னு பார்த்தாங்க. கொஞ்சமாக் குடிக்கறவங்க நல்லா இருந்தாங்க. ஆனா பிரிச்ச விதத்துல ஒரு கோளாறு. உங்க வீட்டுக்காரரு பங்குனியில இங்க வந்தாரே, அன்னைக்குக் கேட்டிருந்தா அவரை எந்தப் பக்கம் எழுதியிருப்பாங்க?"

"குடிக்காதவங்க பக்கமுங்க."

"பார்த்தீங்களா? ஒரு காலத்துல குடிச்சு உடம்பைக் கெடுத்துக்கிட்டு விட்டவரு, வியாதி வந்ததால விட்டவரு, எல்லாரும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துட்டாங்க. அந்தப் பக்கம் நோயாளி அதிகமாத்தானே தெரியும்? இந்தப் பக்கம் தெனமும் ஒரே ஒரு கிளாஸ் வைன் குடிக்கறவரு யாரு? காலையில ரேஸ்கோர்ஸ் ரோட்டுல வாக்கிங் போறவரு, நேரத்துக்குச் சாப்பிடறவரு, வருசா வருசம் எல்லா டெஸ்ட்டும் எடுக்கறவரு. அவரு நல்லா இருக்கறதுக்கு வைனுதான் காரணம்னு எப்படிங்கம்மா சொல்றது?"

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நன்மை என்று சொன்னது பெரும்பாலும் கரைந்துபோகிறதாம். கொஞ்சநஞ்சம் இருக்கிறதா இல்லையா என்று இன்னமும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்களாம். ஆனால் பிரஷர், புற்றுநோய், இதயம் தாறுமாறாகத் துடிப்பது, இந்தக் கெடுதல்கள் குறைவாகக் குடித்தாலும் குறைவாகவாவது இருக்கத்தான் செய்கின்றனவாம். "ஒரு கிளாஸ் குடிச்ச எல்லாரும் விழுந்துடறதில்ல. ஆனா இதயத்துக்கு நல்லதுன்னு யாரும் புதுசாக் குடிக்க ஆரம்பிக்க வேண்டாம். இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். நாளைக்கு வேற தெரிஞ்சா அதையும் சொல்றேன்" என்றார். பதினெட்டு வருஷத்தில் எனக்குத் தெரியாது என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்தப் பெண் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

இனி உன் பாட்டிலுக்கு வருகிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. போன வருஷம் உன் வீட்டில் பத்து நாள் இருந்தேனே, அப்போது உன்னிடம் சொல்லாத ஒரு காரியம் செய்தேன். பொழுதோடு வேலை முடித்துவந்து, மீன் தொட்டி மாதிரி ஒரு கிளாஸில் ஊற்றிக்கொண்டு, "நூத்தம்பது மில்லிம்மா, அளவு இதுதான்" என்று சொல்வாய். நீ ஆபீஸ் போனபின் அதே கிளாஸில் நீ ஊற்றுகிற கோடு வரை தண்ணீர் நிரப்பி, இருமல் மருந்து மூடியால் அளந்து பார்த்தேன். என் புத்தி அப்படி. இருநூற்று இருபதுக்கு வந்தது. நீ என்னிடம் பொய் சொல்லவில்லை, உனக்கே தெரியாது. நான் சின்ன டம்ளருக்குப் போனபோது எனக்கும் தெரியவில்லை. அளவாக என்கிற வார்த்தையை யார் சொன்னாலும் எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது.

குடிக்காதே என்று நான் உனக்கு எழுதவில்லை. இருபத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லும் தகுதியை நான்தான் ஜாடியில் போட்டு மூடிவிட்டேனே. உனக்குப் பிடித்திருந்தால், சினேகிதர்களோடு உட்கார்ந்து பேசுவது சந்தோஷமாக இருந்தால், பிடித்திருக்கிறது என்று சொல்லிக் குடி. அப்படிக் குடிக்கிறவனுக்குப் போதும் என்ற இடம் கொஞ்சமாவது தெரியும். ஹார்ட்டுக்கு நல்லது என்று சொல்லிக் குடிக்காதே. மருந்து என்று பெயர் வைத்தால் ஒருநாள் விட்டுப்போனாலும் தப்புச் செய்துவிட்டோமோ என்று தோன்றும். உனக்கு இன்னொன்றும் இருக்கிறது. உன் உடம்பில் ஓடுவது உன் அப்பாவின் ரத்தம். வாரத்துக்கு ரெண்டு நாள் தொடாமல் இருந்து பார். அந்த ரெண்டு நாளும் எட்டு மணிக்கு மனசு எங்கே போகிறது என்று பார். போனால் எனக்குச் சொல்ல வேண்டாம், கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் சொல். என்னைப் போல மூடி மறைத்துக் குடும்பம் நடத்தாதே. கட்டினவளுக்குத் தெரியாமல் அவள் வாயில் எதையும் ஊற்றாதே, அது அமிர்தமே ஆனாலும்.

எட்டு மணி என்று நான் ஏன் எழுதினேன் தெரியுமா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு உன் அப்பாவிடம் கேட்டேன். "எப்பங்க தெரியும்?" என்றேன். முதல் நாள் அரிஷ்டம் புளித்துவிட்டது என்று நினைத்தாராம். ரெண்டாம் நாள் நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டதாம். "மூணாம் நாளு எட்டு மணி எப்ப ஆகும்னு காத்துட்டு இருந்தேன் அம்மணி" என்றார். சொல்லிவிட்டுக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் உன்னைய. கேட்டா நிறுத்திப்போடுவீன்னு கேக்கல." ஐயோ சாமி, நான் அவர் உயிரைக் காப்பாற்றுகிறதாக நினைத்துக்கொண்டு ஊற்றுகிறேன், அவர் அது என்னவென்று தெரிந்துகொண்டே டம்ளரை நீட்டுகிறார். ஒரே வீட்டில் ஒரு மாதம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இப்படி நடத்தியிருக்கிறோம். அவர் குற்றமற்றவர் என்று நான் சொல்லமாட்டேன், அவரும் சொல்லமாட்டார். ஆனால் கயிற்றை அறுத்தது அவர் கை இல்லை. மிச்சமிருந்த பாட்டிலை அன்றைக்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து கொட்டினோம். அதற்குப் பிறகு அரிஷ்டமும் வீட்டில் இல்லை. ரோசலின் டீச்சரிடமும் போய்ச் சொன்னேன். "அன்னைக்கே உண்மையச் சொல்லிக் கேட்டிருந்தா நானே வேண்டாம்னிருப்பேனுங்களே" என்று அவர் அழுதுவிட்டார்.

நேற்று நீ போனில் பேசியது முழுக்க அவருக்குக் கேட்டுவிட்டது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற என் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே. நான் போனை வைத்ததும் அவர் சாதாரணமாக, "அண்ணனே நிக்கட்டும். அண்ணனுக்கு வேட்டி எடுத்தாச்சா?" என்றார். எனக்கு அடக்க முடியவில்லை. "போதுமுங்க, நான் அவனுக்கு எல்லாத்தையும் எழுதிப்போடறேன்" என்று கத்தினேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எழுதாத அம்மணி. என்னைய வேண்டாம்னு இருக்கறது அவனுக்குச் சின்னதுலயே பழகுனதுதான். உன்னையும் வேண்டாம்னு சொல்ல வெச்சுப்போட்டா, கல்யாணத்தன்னைக்கு அவனுக்குன்னு யாரு இருப்பா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் "ஊட்டுல யாருக்கும் தெரியாதுங்க" என்று அவர் சொன்னது எனக்காக என்று இந்த மூணு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்காகச் சொல்லியிருக்கிறார். உனக்கு ஒரு அம்மாவாவது முழுசாக மிஞ்சட்டும் என்று சொல்லியிருக்கிறார்.

அதனால்தான் அவர் பேச்சை மீறி எழுதுகிறேன். இப்போது பட்டறையில் இருக்கிறார். அஞ்சு மணிக்குக் கை கழுவிவிட்டுப் போனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். தினமும் அப்படித்தான், யாரும் கூப்பிடாவிட்டாலும். நீ முதலில் அவரைக் கூப்பிடு, கண்ணு. என்னோடு பேசுவதா வேண்டாமா என்பதை அப்புறம் யோசித்துக்கொள். நான் காத்திருக்கிறேன்.

உன் அம்மா